பிரிக்காமல் விடச் சொன்னவருக்கு நன்றி

தையல் வகுப்பில் ஒரே ஒரு நாள் என் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா, உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. குயில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்து உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை, தைக்கத் தொடங்கியதிலிருந்து, நான்கு துண்டுகள் கூடும் மூலை நூலிழை அளவு விலகினாலும் தையலைப் பிரித்துவிடுவேன். அன்று ஒரே மூலையை நான்காவது முறை பிரித்தபோது துணியின் ஓரமே நைந்துவிட்டது. என் கையிலிருந்த பிரிப்பூசியை மெல்ல வாங்கி வைத்துவிட்டு, அந்தத் துண்டைக் கையெட்டும் தூரத்தில் தூக்கிப் பிடித்து, "பிழை எங்கே, சொல்லம்மா" என்றீர்கள். என்னால் காட்ட முடியவில்லை.

தையலுக்கு வெளியே விடும் கால் அங்குல ஓரம் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலும், இணையும் இரு துண்டுகளிலும் அந்த அளவு போய், ஒரு வரிசையின் எட்டுத் தையல்களில் ஓர் அங்குலம் குறைந்துவிடும் என்பதால் அளவில் மட்டும் கவனமாக இருக்கச் சொன்னீர்கள். மூலை விலகலை விட்டுவிடச் சொன்னீர்கள். பருத்திப் பஞ்சு வைத்த அந்தக் குயில்ட்டை முதன்முறை துவைத்ததும், பஞ்சு சுருங்கி மேல்துணியெங்கும் சிறு மடிப்புகள் விழ, விலகிய மூலைகள் அவற்றுக்குள் மறைந்தன. நைந்த அந்த ஒரு மூலை மட்டும் இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அடுத்த குயில்ட்டைப் பிரிப்பூசியை எடுக்காமலேயே முடித்திருக்கிறேன். மனமார்ந்த நன்றி, அம்மா.