வயோமிங்கில் கம்பெனி, சுங்கை சிப்புட்டில் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை வேலை பார்த்து டாலரில் சம்பாதிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் எழுதியிருந்தீர்கள். படிக்கப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்தப் பணத்துக்கு வரி உண்டா, உண்டென்றால் எந்த நாட்டில் என்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

நான் சுங்கை சிப்புட்டில் ஒரு வரி முகவரின் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். அப்பா தோட்டத்துக் கிராணியாக இருந்தவர். எங்கள் அலுவலகத்துக்கு முன்பெல்லாம் லாரிக்காரர்களும் மளிகைக் கடைக்காரர்களும்தான் வருவார்கள். இப்போது பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் மடிக்கணினியோடு வருகிறார்கள்.

அண்மையில் வந்த ஒரு தம்பியின் கோப்பைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அவர் பெயரில் ஓர் எல்எல்சி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனி. இணையத்தில் வகுப்பு நடத்தும் யாரோ ஒருவர் காசு வாங்கிக்கொண்டு திறந்து கொடுத்திருக்கிறார். வாடிக்கையாளர் கம்பெனிக்குத்தான் பணம் கட்டுகிறார், கம்பெனி இருப்பது அமெரிக்காவில், ஆகவே அங்கேயும் வரி இல்லை, இங்கே மலேசியாவிலும் வரி இல்லை என்பது அந்த வகுப்பாசிரியர் சொன்ன கணக்கு.

இதில் முதல் பாதி பெரும்பாலும் சரிதான். சேவைக்கான வருமானம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதை, அந்த வேலை எங்கே செய்யப்பட்டது என்பதை வைத்துத்தான் அமெரிக்கச் சட்டம் முடிவு செய்கிறது. தம்பி ஒரு நாளும் அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை, அங்கே அவருக்கு ஆளோ அலுவலகமோ கிடையாது, ஆகவே அங்கே வரி இல்லை. ஆனால் எந்தக் காரணத்தால் அங்கே வரி இல்லையோ அதே காரணத்தால்தான் இங்கே வரி வருகிறது! நம் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, மலேசியாவில் உட்கார்ந்து செய்த தொழிலின் வருமானம் மலேசியாவில் ஈட்டிய வருமானம். பணம் கொடுப்பவர் டெக்சாஸில் இருந்தாலும், அது வெளிநாட்டுக் கணக்கிலேயே தூங்கினாலும், ஒரு சென்கூட இங்கே வராவிட்டாலும் அது மாறாது.

‘வெளிநாட்டு வருமானத்துக்கு 2036 வரை விலக்கு இருக்கிறதே அக்கா’ என்று தம்பி கேட்டார். இருக்கிறது. இங்கே வசிக்கும் தனிநபர்களுக்கு 2022இல் தொடங்கிய விலக்கு அது, 2036 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் அது வெளிநாட்டில் ஈட்டி இங்கே கொண்டுவரும் பணத்துக்கு. அதிலும், அந்த நாட்டின் வரிக்கு அந்தப் பணம் உட்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. தாமான் வீட்டின் மாடி அறையில் செய்த வேலைக்கு அது பொருந்தாது.

சரி, சம்பாதித்தது நான் இல்லை, கம்பெனி என்று சொல்லலாமா? அதே சட்டத்தின் 8ஆவது பிரிவு அந்த வழியையும் அடைக்கிறது. ஒரு கம்பெனியின் நிர்வாகமும் கட்டுப்பாடும் மலேசியாவில் நடந்தால், அது எங்கே பதிவானாலும் மலேசியக் குடியிருப்புக் கம்பெனிதான். அந்தக் கம்பெனிக்கு இயக்குநர், ஊழியர், காவலாளி எல்லாமே இந்தத் தம்பி ஒருவர்தான்! வரியைத் தவிர்க்கவே செய்த ஏற்பாடு என்று தெரிந்தால் அதைப் புறக்கணித்துவிட்டு வரி போட 140ஆவது பிரிவு உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. எஸ்தோனியாவில் இணையவழியாகத் திறக்கும் கம்பெனிக்கும் இதே கதைதான். நம் நாட்டுத் தீவான லாபுவானில் திறந்தால் வரி 3 விழுக்காடுதானே என்பார்கள். அங்கே ஆள் வைத்துச் செலவு செய்து காட்டினால்தான் அந்த 3. இல்லாவிட்டால் 2019இலிருந்து 24 விழுக்காடு.

அந்த வகுப்பாசிரியர் சொல்லாமல் விட்ட ஒன்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. வெளிநாட்டவர் ஒருவரே முழு உரிமையாளராக உள்ள எல்எல்சி, ஒரு சென் வரி இல்லாவிட்டாலும், அவருக்கும் கம்பெனிக்கும் இடையே கைமாறிய பணத்தைக் காட்டி அமெரிக்க வரித்துறைக்கு ஆண்டுதோறும் 5472 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அபராதம் 25,000 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் ரிங்கிட். தம்பிக்கு அப்படியொரு படிவம் இருப்பதே தெரியாது. செலவும் கழிவுகளும் போக அவருடைய வரிக்குரிய வருமானம் 90,000 ரிங்கிட். அதற்கு இங்கே கட்ட வேண்டிய வரி 7,500 ரிங்கிட். இந்த 7,500க்குப் பயந்து அந்த ஒரு லட்சத்தை வாசலுக்கு அழைத்து வந்திருக்கிறார்.

நியாயமாகச் செய்தால் இதில் மலைப்பு ஒன்றும் இல்லை. எஸ்எஸ்எம் என்ற மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், தொழில் பெயர் வைத்தால் 60. வருமான வரிக்கு, சம்பளக்காரர்களின் பிஇ பாரத்துக்குப் பதில் தொழில் செய்பவர்களின் பி பாரம். இணையச் செலவு, மென்பொருள் சந்தா போன்றவற்றில் தொழிலுக்கானதைக் கழிக்கலாம், கணினிக்கு மூலதனக் கழிவு உண்டு. ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் சிபி500 கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம், வரியை ஆறு தவணையாகக் கட்டச் சொல்லும் கடிதம் அது.

இன்னொன்று, இது அம்மா அப்பாக்களுக்கு. லயத்து வீட்டிலிருந்து வந்த நமக்குச் சொந்த வீடு என்றால் என்னவென்று தெரியும். சொந்தத் தொழில் செய்பவர் வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி முதலில் கேட்பது பி பாரமும் வரி கட்டிய ரசீதும்தான். மாதம் 9,000 ரிங்கிட் வந்தும் காட்ட ஒரு காகிதம் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுக் கம்பெனியே தப்பு என்று நான் சொல்லவில்லை. அங்கே கூட்டாளி இருக்கிறார், அங்கே போய் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்றால் அது வேறு கணக்கு. அதற்குத் தகுதியான ஆளிடம் போய்க் கேட்க வேண்டும், டிக்டாக்கில் அல்ல.

ஏற்கனவே இப்படித் திறந்துவிட்டவர்கள், வாரியம் கேட்கும்வரை காத்திருக்காமல் தாங்களாகவே போய்ச் சொல்வது நல்லது, அபராதம் குறையும். 2018இலிருந்து மலேசியா பல நாடுகளோடு வங்கிக் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்கிறது. அமெரிக்கா அந்த ஏற்பாட்டில் இல்லை என்று இந்தக் கம்பெனிகளைத் திறந்து விற்பவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் பணத்தில் இங்கே கார் வாங்கினால், வரும் கேள்வி அமெரிக்காவிலிருந்து வராது.

உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள். பி பாரம் அனுப்பும் காலத்தில் தோட்டப்புற ஊர்களில், தமிழில், ஒரு விளக்கக் கூட்டமாவது வையுங்கள். சுங்கை சிப்புட்டில் நடத்துவதாக இருந்தால் நாற்காலி, தேநீர் எங்கள் பொறுப்பு. ஆசிரியர் அவர்களே, உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு பத்தி ஒதுக்கினால் வாசகர் கேள்விகளுக்கு எங்கள் அலுவலகத்து வரி முகவர் பதில் எழுதத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகி, சுங்கை சிப்புட், பேராக்