தாய்லாந்தில் எதற்குப் பயப்பட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்குவது உங்கள் பத்திரிகையின் விளம்பரப் பக்கங்களைப் பார்த்தாலே தெரிகிறது. பாங்காக், பட்டாயா, புக்கெட் என்று அரைப் பக்கத்துக்கு டூர் விளம்பரம், அடுத்த பக்கத்தைத் திருப்பினால் தாய்லாந்து வழியாகக் கடத்தப்பட்டு மியான்மரில் மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகளைப் பற்றிய செய்தி. இரண்டையும் ஒரே காலையில் படிக்கிற குடும்பம் குழம்பாமல் என்ன செய்யும்? என் அக்கா மகன் பாங்காக்கில் வேலை பார்க்கிறான், நானும் அங்கே போய் வருகிறவள் என்பதால் டிக்கெட் போட்டவர்கள் எல்லாரும் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். கடத்திவிடுவார்களா, சண்டை நடக்கிறதாமே, வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகலாமா, இவ்வளவுதான் கேள்வி. ஸ்கூட்டரைப் பற்றி ஒருத்தர் கேட்டதில்லை. கடலைப் பற்றியும் கேட்டதில்லை. அங்கே சுற்றுலாப் போகிறவர்களின் உயிருக்கு உலை வைப்பவை இந்த இரண்டும்தான் என்பதை உங்கள் பயணப் பக்கமும் இதுவரை எழுதவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கடத்தல் விஷயத்தை முடித்துவிடுகிறேன். செய்தி பொய்யில்லை. தாய்லாந்தின் மேற்கு எல்லையில் மே சாட் என்று ஓர் ஊர், மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவடி, அங்கேதான் கேகே பார்க் மாதிரியான இணைய மோசடிக் கூடாரங்கள் இருந்தன. 2025 மார்ச்சில் நம் விமானப்படை விமானங்கள் மே சாட்டுக்கே போய் 549 இந்தியர்களை இரண்டு நடையில் அழைத்து வந்தன. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஊர் சுற்றப் போனவர்கள் அல்ல. டேட்டா என்ட்ரி வேலை, கை நிறையச் சம்பளம், டிக்கெட் நாங்களே எடுத்துத் தருகிறோம் என்று யாரோ ஏஜென்ட் சொன்னதை நம்பி சுற்றுலாப் பயணி என்று இறங்கியவர்கள். பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி எட்டு மணி நேரம் வடமேற்கே கொண்டுபோனால் அது டூர் இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு நீங்கள் எழுதுகிற எச்சரிக்கை இன்னும் பெரிய எழுத்தில் வரட்டும். மனைவி பிள்ளைகளோடு அரண்மனை பார்க்கப் போகிறவருக்கு அந்தப் பயம் தேவையில்லை.

எல்லைச் சண்டையும் அப்படித்தான். கம்போடியாவோடு 2025 ஜூலையில் ஒரு முறை, டிசம்பரில் மறுபடி ஒரு முறை பீரங்கி வரைக்கும் போய்விட்டது, உண்மை. ஆனால் அது சுரின், சிசாகெட், உபோன் ராட்சதானி என்று கிழக்கு எல்லை மாகாணங்களில். புக்கெட் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு கடலோரத்தில் இருக்கிறது. சண்டையால் நிஜமாகவே கெட்டது என்னவென்றால், பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் ஏறி அங்கோர்வாட் பார்த்துவிட்டு வரலாம் என்ற திட்டம். தரைவழி எல்லைகள் 2025 ஜூனிலேயே மூட ஆரம்பித்துவிட்டன. ஆகவே இரண்டையும் சேர்த்து விற்கிற ஏஜென்டிடம் எந்த வழியாகக் கூட்டிப்போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தெற்கே மலேசிய எல்லையை ஒட்டிய யாலா, பட்டானி, நரதிவாட் மூன்றும் வேறு கதை, 2004 முதல் அங்கே கிளர்ச்சியும் குண்டுவெடிப்பும் நிற்கவில்லை, அங்கே போகவே வேண்டாம். ஆனால் நம் ஊர் டூர் எதுவும் அந்தப் பக்கம் போவதில்லை. மலேசியத் தமிழர்கள் லீவு கிடைத்தால் போகிற ஹாட்யாய் அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. அங்கேயும் 2025 நவம்பரில் அவர்களை மாட்டவைத்தது வெள்ளம். ஹோட்டல் மாடியிலிருந்து இறங்க முடியாமல் கிடந்தார்கள்.

பெண்களைப் பற்றி: நானும் என் அக்காவும் ராத்திரி பத்து மணிக்கு மேல் பாங்காக்கின் சுகும்விட் பக்கம் ரயிலில் இறங்கி நடந்து வந்திருக்கிறோம், மூலைக்கு மூலை செவன் இலெவன் கடை திறந்திருக்கும், தள்ளுவண்டிக்காரர்கள் வியாபாரம் பண்ணிக்கொண்டிருப்பார்கள், ஒருத்தன் திரும்பிப் பார்த்ததில்லை. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் அந்த நேரத்துக்கு அப்படி நிற்க எனக்குத் தைரியம் கிடையாது. குடித்துவிட்டு ஆடுகிற தெருக்களில் அந்நியர் நீட்டுகிற கிளாஸை வாங்காமல் இருக்க வேண்டும், அது எந்த ஊருக்கும் பொருந்தும்.

சரி, ஸ்கூட்டருக்கு வருகிறேன். தாய்லாந்து சாலைகள் பார்க்க வழுவழுவென்று இருக்கும், நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுவார்கள், ஹாரன் சத்தமே கேட்காது. அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கையில் அங்கே சாலை விபத்துச் சாவு ஒரு லட்சம் பேருக்கு 32.7. அதே அறிக்கையில் இந்தியாவுக்கு 22.6. அப்புறம் குறைந்திருக்கிறது, 2023 அறிக்கையில் 25 சொச்சம், அப்போதும் நம்மைவிட அதிகம்தான். சாகிறவர்களில் நாலில் மூன்று பேர் இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிக்காரர்கள். ஏப்ரல் நடுவில் சோங்க்ரான் என்று அவர்களுடைய புத்தாண்டு, நம் சித்திரை ஒன்றை ஒட்டி வரும். அந்தச் சமயத்தில் அரசாங்கமே 'ஆபத்தான ஏழு நாட்கள்' என்று பெயர் வைத்து தினமும் சாவுக் கணக்கு வெளியிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு லீவும் அப்போதுதான் விடுகிறது.

இந்த லட்சணத்தில் புக்கெட்டிலோ சாமுயி தீவிலோ நம்மவர்கள் இறங்கியதும் முதலில் செய்வது ஒரு நாளைக்கு 200, 300 பாட் கொடுத்து ஸ்கூட்டி எடுப்பது. கடைக்காரர் லைசென்ஸ் கேட்க மாட்டார், பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார். இவரும் கொடுத்துவிட்டு சாவியை வாங்கிக்கொள்வார். புக்கெட்டின் பாத்தோங் கடற்கரைக்கு இறங்குகிற மலைப்பாதை எப்படிப்பட்ட செங்குத்து என்று போனவர்களுக்குத் தெரியும், வடக்கே சியாங் மாயிலிருந்து பாய் என்ற மலையூருக்குப் போகிற வழியில் 762 வளைவு என்று டி-ஷர்ட்டில் அச்சடித்தே விற்கிறார்கள், பாய் ஊருக்குள் கை கால் கட்டோடு திரியும் வெள்ளைக்காரர்களை நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் ஆக்டிவா ஓட்டிப் பழகியவர் பின்னால் மனைவியை உட்காரவைத்து மழை ஈரத்தில் அந்த இறக்கத்தில் பிரேக் பிடித்தால் என்ன ஆகும்?

என் சித்தப்பா மகனுக்கு ஆனது இது: காறை எலும்பு முறிந்தது, முழங்கையில் தகடு வைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, அதுவே பெரிது. ஆனால் ஊரில் எடுத்துக்கொண்டு போன பயணக் காப்பீடு ஒரு பைசா தரவில்லை. அவனிடம் இங்கே கார் லைசென்ஸ் மட்டும்தான், சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துப் போகவில்லை. அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க சார் என்று டூர் ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரிதான், யாரும் கேட்கவில்லை, மருத்துவமனை பில்லை அனுப்பிய பிறகு காப்பீட்டு நிறுவனம்தான் கேட்டது. அங்குள்ள தனியார் மருத்துவமனைகள் அருமையானவை, அதற்கேற்ற செலவு, முன்பணமோ காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதமோ இல்லாமல் அறுவைச் சிகிச்சை வரைக்கும் போவது கஷ்டம். வாடகை வண்டியோடு வருகிற கட்டாயக் காப்பீடு சொற்பத் தொகை, வண்டிக்குச் சேதமானால் அது உங்கள் பையிலிருந்துதான். கடைக்காரர் கையில் இருக்கும் பாஸ்போர்ட் அப்போதுதான் நினைவுக்கு வரும்.

செய்ய வேண்டியதோ ஒன்றும் பெரிய காரியமில்லை. இருசக்கர வாகன லைசென்ஸ் உள்ளவர்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி சர்வதேச அனுமதி வாங்கிக்கொள்ளலாம், ஒரு வருஷம் செல்லும், அதில் இருசக்கர வண்டிப் பிரிவுக்கும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கேட்கிற கடையை விட்டுவிட்டு ரொக்க முன்பணம் வாங்குகிற கடையைத் தேட வேண்டும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட். இது எதுவும் முடியாதென்றால் கிராப், போல்ட் என்று செயலியில் கார் கிடைக்கிறது, நாலு பேருக்குப் பங்கு போட்டால் ஸ்கூட்டரைவிடக் கொஞ்சம்தான் கூட.

கடலுக்கு வந்தால், இங்கே டூர் போடுகிறவர்கள் மறைக்கிற ஒரு விஷயம் பருவகாலம். புக்கெட், கிராபி எல்லாம் அந்தமான் கடல் பக்கம், மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அங்கே நேராக அடிக்கும். ஜூன், ஜூலையில் பாதி விலைக்குப் பேக்கேஜ் கிடைப்பது அதனால்தான். அந்த மாதங்களில் புக்கெட்டின் கரோன், கட்டா கடற்கரைகளில் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். வானம் தெளிவாக, தண்ணீர் நீலமாக, அலை சுமாராகத்தான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு கொடியைத் தாண்டி இறங்குகிறார்கள், உள்ளே இழுக்கிற நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது. மெரினாவில் எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறோம், அங்கேயும் அதே கதைதான், நீச்சல் தெரியாதவர் இடுப்பளவு நீர்தானே என்று நின்றிருப்பார். நீச்சல் தெரிந்தவரும் நீரோட்டத்தை எதிர்த்துக் கரையை நோக்கி அடித்தால் களைத்துப்போவார், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தித்தான் வெளியே வர வேண்டும். கொடி இருந்தால் இறங்காதீர்கள் என்பது அதைவிடச் சுலபம்.

படகிலும் அதே கவனம் வேண்டும். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள், எல்லாரும் சீனச் சுற்றுலாப் பயணிகள். அன்றைக்கு வானிலை எச்சரிக்கை இருந்தது, படகு கிளம்பியது. கொடுத்த பணம் போய்விடுமே என்று யாரும் கரையில் நிற்க மாட்டார்கள், அதுதான் சிக்கல். காற்று பலமாக இருக்கிறது, நாளைக்குப் போகிறோம் என்று சொல்லத் தெரிந்த ஏஜென்டாகப் பாருங்கள். அப்புறம், பீபீ தீவுக்குப் போகிற ஸ்பீட் போட்டில் முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் முன்பக்கம் உட்காரவே கூடாது, ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடும். போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஏமாற்று வேலைகள் உண்டு, ஆனால் அவை பையைத்தான் கடிக்கும். பாங்காக் அரண்மனை வாசலில் நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து இன்றைக்கு மூடியிருக்கிறது என்று சொல்லி ஆட்டோ மாதிரியான டுக்டுக்கில் ஏற்றிவிடுவார், அது நேரே ரத்தினக்கல் கடைக்குத்தான் போகும். பட்டாயாவில் ஜெட் ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏற்கெனவே இருந்த கீறலுக்கு உங்களிடம் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், ஏறுவதற்கு முன்னே வீடியோ எடுத்துக்கொள்வது உதவும், ஏறாமலே இருப்பது அதைவிட உதவும். நண்பர்களாகச் சேர்ந்து போகிற நம் ஆட்கள் பாங்காக்கின் இரவு விடுதித் தெருவான பாட்பாங்கில் மாடிப்படி ஏறிவிட்டு பில்லைப் பார்த்து அலறுவது பற்றி நான் எழுதப்போவதில்லை, அவர்களும் வீட்டில் சொல்லப்போவதில்லை. இப்படி எது நடந்தாலும் சுற்றுலாப் போலீஸின் 1155 எண்ணைக் கூப்பிடலாம், இரவு பகல் எந்நேரமும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆம்புலன்ஸுக்கு 1669.

நாமே தேடிக்கொள்கிற வம்புகளும் உண்டு. மின்சிகரெட்டை அங்கே கொண்டுபோவதே குற்றம், சிறை வரைக்கும் போகும். அரச குடும்பத்தைப் பற்றி கேலியாக ஒரு பதிவு போட்டாலும் அவர்கள் தண்டனைச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் மூன்று முதல் பதினைந்து ஆண்டு சிறை. கஞ்சா 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு தெருவெங்கும் கடை முளைத்தது, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று மறுபடி இறுக்கிவிட்டார்கள், பழைய வீடியோவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. எல்லாவற்றையும்விட மோசம் குருவி வேலை. டிக்கெட்டும் தங்குமிடமும் இலவசம், திரும்பும்போது ஒரு பெட்டியை மட்டும் எடுத்துவா என்பார்கள். பாங்காக்கிலிருந்து வந்தவரிடம் உயர்ரகக் கஞ்சா பிடிபட்டது, பல்லி குரங்கு பிடிபட்டது என்று சென்னை விமான நிலையச் செய்தியை நீங்களே அடிக்கடி போடுகிறீர்கள். உள்ளே போகிறது அந்தப் பிள்ளைகள்தான், பெட்டியைக் கொடுத்தவன் இல்லை.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இதுதான். டூர் விளம்பரம் போடுகிற அதே வாரத்தில் பயணப் பக்கத்தில் அந்த மாதத்துக் கடல் எப்படி இருக்கும் என்று நாலு வரி போடுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குவது எப்படி என்று ஒரு முறை எழுதுங்கள், காப்பீட்டில் எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று யாராவது விவரம் தெரிந்தவரிடம் கேட்டுப் போடுங்கள். கோவில், சாப்பாடு, ஷாப்பிங் பற்றி எழுதப் பத்துப் பேர் இருக்கிறார்கள், சீலோம் மாரியம்மன் கோவில் படம் நானே மூன்று முறை உங்கள் பத்திரிகையில் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி

பி.கு.: விசா விஷயம் முடிந்தால் வேறு ஒன்றுமே நிரப்ப வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 மே முதல் இணையத்தில் டிஜிட்டல் வருகைப் படிவம் நிரப்பிவிட்டுத்தான் போக வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். தாய்லாந்து குடிவரவுத் துறையின் தளத்தில் அது முழுக்க இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்கும் வேறு தளங்கள் ஆளுக்கு இத்தனை டாலர் என்று கேட்கும், கொடுக்காதீர்கள்.