டன் கணக்கு சொல்வதற்கு முன்: ஏசி விற்பவர்களுக்கும் பொருத்துபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எங்கள் வீட்டில் கூடத்தில் குளிரும், மேற்கு அறையில் சாயங்காலம் புழுங்கும், மாடி அறையில் ராத்திரி பத்து மணிக்கும் அனல் இறங்கும். உங்களில் ஒருவரை அழைத்தேன். வந்தவர் வாசற்படியில் நின்றே நீள அகலம் கேட்டார், பெருக்கினார். "ஒன்றரை பத்தாது சார், ரெண்டு டன்னா போட்டுடுங்க" என்றார். ஜன்னல் எந்தத் திசை, மேலே மொட்டைமாடியா இன்னொரு தளமா, எதையும் கேட்கவில்லை.

அவர் போனபின் ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி வாங்கினேன். முதலில் இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் அளந்தால் அளந்ததெல்லாம் வீண். பிறகு ஒன்றைக் கூடத்திலும் ஒன்றை மாடியிலும் வைத்து நான்கு நாள் குறித்தேன். மதியம் மாடியில் 2 டிகிரிதான் அதிகம். இரவு ஒன்பது மணிக்கு 5 டிகிரி! வெயில் போனபிறகு வித்தியாசம் கூடுகிறதென்றால் வேறென்ன, தலைக்கு மேலிருக்கும் கான்கிரீட்தான். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சை மொட்டைமாடியில் இரண்டு கை அடித்தேன். இரவு வித்தியாசம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

மேற்கு அறையில் கனமான திரைச்சீலை ஏற்கெனவே இருந்தது. சாயங்காலம் அதைத் தொட்டால் கை சுடும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை எங்கே அனுப்பும்? ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டினேன், அவ்வளவுதான். கூடத்துக் குளிர்ந்த காற்று கனமானது, தரையோடுதான் கிடக்கும். கதவருகே தரையில் ஒரு மேசை விசிறியை வைத்து அதை அந்த அறைக்குள் தள்ளிவிட்டேன். கதவைச் சாத்தினால் இதெல்லாம் பலிக்காது.

ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), ஏறக்குறைய 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும் கணக்கிலிருந்து வந்த பெயர். இது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தேவைக்கு மீறிய இயந்திரம், அதிலும் தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை அல்லாதது, அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை முழுதாக இழுக்காது என்பதும் தெரியும். குளிர்கிறது, ஆனால் பிசுபிசுக்கிறது என்று வாடிக்கையாளர் கூப்பிடும்போது வருவதும் நீங்கள்தானே.

எனக்கும் கடைசியில் இயந்திரம் தேவைப்பட்டது, மறுக்கவில்லை. மாடி அறைக்கு ஒரு டன் வாங்கினேன், போதுகிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: உங்கள் படிவத்தில் நீளம், அகலத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம், மேலே என்ன இருக்கிறது, கதவு சாத்தியே இருக்குமா. அடுத்த வீட்டுக்கு மதியம் போக நேர்ந்தால் மொட்டைமாடிக்கு ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி நடந்து பாருங்கள். டன் கணக்கை இறங்கி வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாடி அறையில் படுப்பவன்