வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பன்னிரண்டு மாதக் கூட்டங்களும் தவறாமல் நடந்தன. படிப்பறைக்கு இரண்டு மின்விசிறிகள் வாங்கினோம். பொங்கலுக்குச் சிறுவர் பேச்சுப்போட்டி நடத்தினோம்.

அடுத்து, நாம் கூட்டங்களில் வாசித்த பிரெஞ்சுத் தத்துவஞானி தெக்கார்த்தின் 'தியானங்கள்'. 1641இல் வந்த அந்தச் சிறிய நூலுக்கு ஏழு மாதமா என்று சிலர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். இதற்குப் பதில் சொல்வது என் கடமை. இரண்டாம் தியானத்தில் ஒரு மெழுகுத் துண்டு வருகிறது. தேனடையிலிருந்து அப்போதுதான் எடுத்தது. தேன் ருசி, பூ வாசனை, விரலால் தட்டினால் ஓசை. நெருப்பருகே கொண்டுபோனதும் எல்லாம் மாறிவிடுகிறது. ஆனாலும் அதே மெழுகு என்கிறோம். அதை நமக்குச் சொன்னது கண்ணோ மூக்கோ இல்லை, புத்திதான் என்கிறார் தெக்கார்த். வாசித்துக் காட்டினால் மட்டும் இது மனதில் ஏறவில்லை. அப்புறம் நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கிவந்து, எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, ஸ்டவ்வில் உருக்கிக் காட்டினேன். மஞ்சள் கட்டி எண்ணெய் மாதிரி ஆனதும் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "அப்போ மெழுகுன்னு எதைச் சொல்றோம் சார்?" என்றார். அன்று கூட்டம் முடிய ஒன்பதரை ஆனது.

உருவமில்லாத மனம் உடலை எப்படி அசைக்கும் என்று 1643இல் பொஹீமியா இளவரசி எலிசபெத் தெக்கார்த்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். தெக்கார்த் தந்த பதில்கள் போதாது என்பதே என் கருத்து. கடவுளும் இயற்கையும் ஒன்றே என்ற டச்சுத் தத்துவஞானி ஸ்பினோசாவுக்கு ஒரு கூட்டம்தான் ஒதுக்க முடிந்தது. உள்ளே தேடினால் சூடு, குளிர், விருப்பு, வெறுப்பு என்று ஏதாவதொரு அனுபவம்தான் அகப்படுகிறது, 'நான்' தனியாக அகப்படவில்லை என்ற ஸ்காட்லாந்துத் தத்துவஞானி ஹியூமுக்கும் ஒன்றுதான். அதற்கு வந்தவர்கள் நான்கு பேர்.

உறுப்பினர்கள் 34 பேர். சந்தா கட்டியவர்கள் 13 பேர். கூட்டத்துக்கு வராததற்குச் சொன்ன கல்யாணம், மழை, வேலை எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. வரமுடியாது என்று ஒரு போன் செய்திருந்தால், இருபது பேருக்குப் போட்ட சுக்குக் காபியைக் கொட்டியிருக்க வேண்டாம்.

வரவு செலவு பெரும்பாலும் சரியாக இருக்கிறது. சிறு பற்றாக்குறையைப் பொருளாளரும் நானும் பார்த்துக்கொண்டோம். விவரம் கணக்கு நோட்டில் உள்ளது. மாடியைத் தந்த வீட்டுக்காரருக்கும் நாற்காலி தந்து உதவியவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டை எடுக்க ஆசை. இடமும் காலமும் நாம் பொருள்களைக் காணும் முறையைச் சேர்ந்தவை என்று 1781இல் எழுதியவர். மெழுகிலிருந்து அவரிடம் போவதற்கு நேர்வழி இருக்கிறது. ஆனால் ஜெராக்ஸ் செலவு கணிசமாக வரும். நிலுவைச் சந்தா வந்து சேர்ந்தால் ஜூலை முதல் ஞாயிறு மாலை ஐந்தரைக்கு ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்