பெற்றவர்களுக்கு வந்துசேராத கடிதம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சே வந்தது. சின்னவன் பரீட்சை முடித்துவிட்டதிலும் சந்தோஷம். உடனே பதில் எழுத நினைத்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, அது என்னை எழுதவிடவில்லை. லண்டனிலிருந்து சிரியாவுக்கு ஐ.எஸ். தீவிரவாத இயக்கத்தில் சேரப் போன ஷமீமா பேகத்தின் வழக்கைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டு, "பதினஞ்சு வயசுப் பொண்ணு நாட்டை விட்டே போயிருக்கா, பெத்தவங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?" என்று கேட்டிருந்தாய். லண்டனில் இத்தனை வருடம் வாத்தியாராக இருந்தவளுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

2015 பிப்ரவரி 17. பள்ளிகளுக்கெல்லாம் இடைவிடுமுறை வாரம். கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் என்ற பகுதியில் ஒரே பள்ளியில் படித்த ஷமீமாவும் இரண்டு தோழிகளும் காலையில் வீட்டில் ஏதோ காரணம் சொல்லிவிட்டுக் கிளம்பி, கேட்விக் விமான நிலையத்தில் விமானம் ஏறி இஸ்தான்புல் போய், அங்கிருந்து பேருந்தில் சிரியா எல்லைக்குப் போனார்கள். இருவருக்குப் பதினைந்து வயது, ஒருத்திக்குப் பதினாறு. ஷமீமா எடுத்துக்கொண்டு போனது அக்காவின் பாஸ்போர்ட். டிக்கெட் காசுக்கு வீட்டு நகையை எடுத்திருக்கலாம் என்று பின்னால் போலீஸ் சொன்னது. மூவரில் ஒருத்தியின் அறையில், கைப்பட எழுதிய ஒரு பட்டியல் கிடைத்தது. விமான டிக்கெட், போன், உள்ளாடை, ஒவ்வொன்றுக்கும் நேராக எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெட்டி கட்டும் பிள்ளை எழுதுவது மாதிரியே இருந்தது.

இதுவரை படித்தால் உன் பக்கம்தான் நியாயம். நகை போனது தெரியவில்லையா, பாஸ்போர்ட் போனது தெரியவில்லையா என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் இதற்கு முன்னால் நடந்த ஒன்றை நீ படித்த செய்தியில் எழுதியிருக்க மாட்டார்கள்.

அதே பள்ளியில் அவர்களுடைய தோழி ஒருத்தி, முந்தைய டிசம்பரிலேயே சிரியாவுக்குப் போயிருந்தாள். அவளோடு பழகிய ஏழு பெண்களைப் போலீஸ் பள்ளிக்கே வந்து விசாரித்தது. இன்னும் விரிவாக வாக்குமூலம் வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதற்காகப் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதி, பிப்ரவரி 5-ஆம் தேதி அந்தப் பெண்கள் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் அதைக் கொண்டுபோய் அப்பா கையில் கொடுப்பார்களா வசந்தி? நாம் மார்க் ஷீட்டையே ஒளித்துவைத்தவர்கள். கடிதங்கள் பாடப் புத்தகத்துக்குள் போயின. பன்னிரண்டு நாள் அங்கேயே கிடந்தன. பிள்ளைகள் போன பிறகு அறையைக் குடைந்த வீட்டார் கண்ணில்தான் பட்டன. மகளின் தோழி எங்கே போனாள் என்ற விவரமே அந்த வீடுகளுக்கு அப்போதுதான் எட்டியது.

மார்ச் மாதம் பெற்றோரும் உறவினரும் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து உட்கார்ந்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருப்போமே என்பதுதான் அவர்கள் முறையீடு. அப்போதைய லண்டன் போலீஸ் கமிஷனர் பெர்னார்ட் ஹோகன்-ஹோவ் அந்தக் குழுவிடமே வருத்தம் தெரிவித்தார், கடிதத்தைப் பெற்றோரிடம் நேரில் சேர்த்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அது போக, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலிருந்து 2013-இல் சிரியா போன ஒரு பெண்ணின் ட்விட்டர் கணக்குக்கு, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஷமீமாவின் கணக்கிலிருந்து செய்தி போயிருக்கிறது. அந்தக் கிளாஸ்கோ பெண்ணின் பெற்றோரே, எங்கள் மகளின் கணக்கைப் பாதுகாப்புத் துறை கவனிக்கிறது என்றுதானே நம்பிக்கொண்டிருந்தோம் என்று கேட்டார்கள்.

என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். விஷயம் யாருக்குத் தெரியுமோ, பொறுப்பும் அவர்களிடம்தான் முதலில் போய் நிற்க வேண்டும். இங்கே தெரிந்தது போலீசுக்கு; பள்ளிக்கும் கொஞ்சம் தெரியும். வீட்டுக்கு மட்டும் தெரியாது. தெரியாதவனைக் கூண்டில் ஏற்றி, நீ ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பொறுக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. 2015 ஜூலையிலிருந்து இங்கே பள்ளிகளுக்கு ஒரு சட்டக் கடமை வந்தது. 'பிரிவென்ட்' என்பார்கள். பிள்ளைகள் தீவிரவாதத்தின் பக்கம் இழுபடாமல் கவனிக்கும் கடமை. சந்தேகம் வந்தால் பள்ளியில் அதற்கென்று இருக்கும் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். சில வருடம் முன்னால் என் வகுப்பில் பதினாலு வயசுப் பையன் ஒருவன் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தான். சாவைப் பற்றி, வீரத்தைப் பற்றி. படித்ததும் கை சில்லிட்டுவிட்டது. படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முறைப்படி நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, முன்பின் தெரியாத இரண்டு பேர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கடைசியில் ஒன்றுமில்லை. எங்கேயோ பார்த்த வரிகளை அழகாக இருக்கிறதென்று எழுதிவைத்திருக்கிறான், அவ்வளவுதான். அந்த அம்மா மறுநாள் பள்ளிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே, "உங்களுக்கு இது தெரிந்து எத்தனை நாள் ஆகிறது?" என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன். "மூன்று வாரமும் தினமும் நான்தான் அவனைக் கொண்டுவந்து வாசலில் விட்டேன். நீங்கள் எனக்குக் குட் மார்னிங் சொன்னீர்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை. லண்டன் போலீஸ் கடிதத்தைப் பிள்ளை கையில் கொடுத்தது. நான் கடிதம்கூட எழுதவில்லை.

வீட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. என் மகளுக்கும் இப்போது பதினாறு. ராத்திரி போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். எதைப் பார்த்து என்று எனக்குத் தெரியாது. பெற்ற பிள்ளை உடுப்பை மாற்றுகிறாள், பழைய சிநேகிதிகளை விடுகிறாள், திடீரென்று எல்லாவற்றிலும் சரி தப்பு பேசுகிறாள் என்றால் முதலில் கண்ணில் படுவது வீட்டில்தான். ஆனால் பட்டதும் அந்தத் தாய் யாரிடம் போவாள்? போலீசிடம் போனால் சொந்தப் பிள்ளையைத் தானே பிடித்துக் கொடுத்த மாதிரி. சொந்தபந்தத்திடம் சொன்னால் குடும்ப மானம். அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். இந்த மௌனத்தை உடைக்க ஒரு வழி செய்துகொடுப்பது அரசு மட்டுமே செய்யக்கூடிய வேலை. ஜெர்மனியில் 2012-இலிருந்தே பெற்றோர் கூப்பிட்டுப் பேச ஒரு தொலைபேசி எண் உண்டு. பிரான்ஸ் 2014 ஏப்ரலில் தொடங்கியது. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் என்று ஒரு நகரம். அங்கே போலீசும் நகராட்சியும் சேர்ந்து பெற்றோரைக் கூட்டிவைத்துப் பேசின, பையன்களோடு பழக ஆள் போட்டன, அவர்கள் போய்வந்த மசூதியோடும் உட்கார்ந்து பேசின. 2013-இல் அந்த ஊரிலிருந்து சிரியா போனவர்கள் சுமார் முப்பது பேர். மறு வருடம் ஒரே ஒருவர். வேறு காரணங்களும் இருந்திருக்கும், ஆனாலும் எனக்கு அந்த எண்ணிக்கை மறக்கவில்லை.

பிரான்சில் இன்னொன்றும் நடந்தது. பதினெட்டு வயசுக்குக் குறைந்த பிள்ளை தனியாக எல்லை தாண்டப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்ற பழைய விதியை 2013 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். 2017 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தார்கள். நடுவில் அந்த நாலு வருடத்தில் எத்தனை வீட்டில் ஒரு கையெழுத்து பிள்ளையை நிறுத்தியிருக்கும் என்று யோசிக்கிறேன்.

இனி ஷமீமாவுக்கு வருகிறேன். சிரியா போய்ச் சேர்ந்த சில நாட்களில் கல்யாணம், பிறகு மூன்று குழந்தை, மூன்றும் செத்துப்போயின. 2019 பிப்ரவரியில் சிரியாவில் ஓர் அகதி முகாமில் நிறைமாதமாக இருந்தவளைப் பத்திரிகைக்காரர் ஒருவர் கண்டுபிடித்தார். அவள் அப்போது பேசிய பேச்சில் வருத்தமே இல்லை என்று நாடு கொதித்தது, எனக்கும் கோபம் வந்தது. ஐ.எஸ். கையால் கொல்லப்பட்ட யாசிதி என்ற சிறுபான்மை மக்களையும் அடிமையாக விற்கப்பட்ட பெண்களையும் நினைத்தால் யாருக்குத்தான் வராது? ஒரு வாரத்துக்குள் உள்துறை அமைச்சர் சாஜித் ஜாவித் அவள் பிரிட்டிஷ் குடியுரிமையைப் பறித்தார். பெற்றோர் வழியில் அவளுக்கு வங்கதேசக் குடியுரிமை உண்டு, அதனால் நாடற்றவளாக மாட்டாள் என்பது அரசின் வாதம். அப்படி ஒன்றும் இல்லை என்றது வங்கதேசம். மூன்றாவது குழந்தை அடுத்த மாதம் முகாமிலேயே போய்விட்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை.

குடியுரிமை பறித்ததை எதிர்த்து அவள் முறையிட்டாள். 2023-இல் அதை விசாரித்த சிறப்புத் தீர்ப்பாயம், பாலியல் சுரண்டலுக்காக அவள் கடத்தப்பட்டாள் என்று சந்தேகிக்க நம்பத்தக்க காரணம் இருக்கிறது என்றது. அவளை வெளியேற விட்டதில் அரசு அமைப்புகள் கடமை தவறியிருக்கலாம் என்று வாதிட இடமிருக்கிறது என்றும் சொன்னது. சொல்லிவிட்டு, முறையீட்டைத் தள்ளியது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், முடிவு கடுமையானது என்று வாதிடலாம், தன் துன்பத்துக்கு அவளே காரணம் என்றும் வாதிடலாம், அதைச் சொல்வது எங்கள் வேலையில்லை என்று எழுதியது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். அவளை இங்கே கொண்டுவந்து விசாரித்து, குற்றம் நிரூபணமானால் ஜெயிலில் போடட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பதினைந்து வயதில் அவளைப் பார்த்துக்கொள்ளத் தவறிய நாடு, பத்தொன்பது வயதில் இவள் எங்கள் பிள்ளையே இல்லை என்று கையைக் கழுவுகிறதே. இந்த வசதி எந்தத் தாய்க்கும் கிடையாது. அவள் என்ன செய்திருந்தாலும் அந்த வீட்டுக்கு அவள் மகள்தான், இன்றைக்கும்.

கடிதம் நீண்டுவிட்டது. சொன்ன பையன் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டான். இந்த வருடம் அவன் தங்கை என் வகுப்பில் வந்து சேர்ந்திருக்கிறாள். வாயாடி, நன்றாகப் படிக்கிறாள். போன வாரம் அவளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லாதபோதே வீட்டுக்குப் போன் செய்தேன். அந்த அம்மா குரலில் ஒரு தயக்கம். "ஏதாவது பிரச்சினையா?" என்றார். இல்லை, கட்டுரை நன்றாக எழுதியிருக்கிறாள், அதைச் சொல்லத்தான் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வியாழக்கிழமை பெற்றோர் சந்திப்பு. வருகிறேன் என்றிருக்கிறார்.

அம்மாவுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. கோடையில் வருகிறேன்.

உன்,
கௌரி