ஆங்கில விடைத்தாளில் உள்ள சிவப்பு மை பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வின் ஆங்கில விடைத்தாள்களை இன்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். சிவப்பு மை கொஞ்சம் தூக்கலாகத்தான் தெரியும். பார்த்தவுடன் திட்டிவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி ஒரே வகைத் தவறுக்காகப் போட்டது: எழுவாயும் வினையும் ஒத்துப்போகவில்லை.

“மை மதர் வொர்க் இன் எ டெய்லரிங் ஷாப்” என்று ஒரு விடைத்தாளில் இருக்கிறது. ‘வொர்க்ஸ்’ என்று வர வேண்டும். ஹீ, ஷீ, இட் என்று சொல்லக்கூடிய ஒருமை எழுவாய் வந்தால், நிகழ்கால வினையோடு ‘எஸ்’ சேரும். விதி அவ்வளவுதான். ஆனால் கீழ் வகுப்பில் ‘எஸ் போட்டால் பன்மை’ என்று பெயர்ச்சொல்லுக்குப் படித்ததைப் பிள்ளைகள் வினைக்கும் கொண்டுபோய்விடுகிறார்கள். அதனால்தான் ‘த பாய்ஸ் ப்ளேஸ்’ என்று வருகிறது. சரியானது ‘த பாய் ப்ளேஸ்’, ‘த பாய்ஸ் ப்ளே’. எஸ் ஒரு பக்கம் வந்தால் மறுபக்கம் வராது என்று சொல்லிக்கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். சில்ட்ரன், பீப்பிள் போல எஸ் இல்லாமலே பன்மையாகும் சொற்களிடம் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

உண்மையில் இது நம் பிள்ளைகளுக்குப் புதிய சங்கதியே அல்ல. ‘மாமா வந்தாள்’ என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லாது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று தமிழ் வினை திணை, பால், எண், இடம் அத்தனையும் காட்டும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ‘கேம்’ ஒன்றுதான். இறந்தகாலத்தில் மாறுவது வாஸ், வேர் மட்டுமே. நம் இலக்கண நூலான நன்னூல் வழுக்களை, அதாவது சொற்களைப் பொருத்தமில்லாமல் சேர்க்கும் பிழைகளை, ஏழாகப் பிரிக்கிறது, திணையும் பாலும் இடமும் அதில் உண்டு. இவ்வளவு நுணுக்கமான மொழியைப் பிழையில்லாமல் பேசும் பிள்ளைக்கு ஓர் ‘எஸ்’ என்ன பெரிய மலையா? தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்தே இந்தப் பாடத்தை நடத்தச் சொல்லியிருக்கிறேன்.

சுட்டுப்பெயரில்தான் தமிழ்ப் பழக்கம் காலை வாருகிறது. வீட்டில் பாட்டியை ‘அவங்க’ என்றே சொல்வதால், ‘மை க்ராண்ட்மதர்’ என்று தொடங்கி அடுத்த வரியில் ‘தே’ என்று எழுதுகிறார்கள். மரியாதை நல்லதுதான், ஆனால் ஆங்கிலத்தில் பாட்டி ‘ஷீ’தான். ஒரே ஆளிடம் பேசினாலும் ‘யூ ஆர்’ என்பது ஏன் என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. ‘யூ’ முன்பு பன்மைச் சொல். ஒருமைக்குத் ‘தௌ’ இருந்தது. மரியாதைக்காக ஒருவரையும் ‘யூ’ என்று அழைத்து, நாளடைவில் ‘தௌ’ வழக்கொழிந்தது. நம் ‘நீங்கள்’ கதைதான்.

‘எவரிபடி’ எல்லாரையும் குறித்தாலும் வினை ஒருமை, ‘எவரிபடி ஹேஸ்’. அதே வாக்கியத்தில் ‘தேர் புக்’ என்று எழுதினால் சில பழைய கையேடுகள் தவறு என்னும், ‘ஹிஸ்’ கேட்கும். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்குத் ‘தே’ போடுவது ஆங்கிலத்தில் பல நூற்றாண்டு வழக்கம். நம் பள்ளியில் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டோம். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஆர்’ என்பதற்குக் குறைப்போம். அங்கே எழுவாய் ‘ஒன்’, ஃப்ரெண்ட்ஸ் அல்ல.

உதவி செய்ய உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விடைத்தாளில் கோடிட்ட வரிகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் தமிழிலேயே கேளுங்கள்: யார் செய்கிறார்? எத்தனை பேர்? அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையே வினையைத் திருத்தட்டும். தடிமனான இலக்கணக் கையேடு எதுவும் வாங்க வேண்டாம், பாடநூலே போதும்.

திருத்திய வரிகளை விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் எழுதவைத்து, உங்கள் கையெழுத்துடன் திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்