ரயில் கைவிட்ட ஊர்

ஆசிரியருக்கு, அமெரிக்கச் சிற்றூர்கள் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரை நன்று. ஆனால் ‘ரயில் வந்தது, ஊர் வளர்ந்தது’ என்று அது முடித்துவிடுவது பாதிக் கதைதான். எந்த ஊர் பிழைக்கும் என்பதையே ரயில் கம்பெனிகள் தீர்மானித்தன. கன்சாஸ் மாநிலத்தின் நிக்கோடீமஸ் இதற்குச் சாட்சி. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கென்டக்கியிலிருந்து வந்து 1877-இல் அமைத்த ஊர் அது. மரமே அரிதான புல்வெளி. மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடியினர் தந்த இறைச்சி பலரைக் காத்தது. பத்தே ஆண்டுகளில் கடைகள், தேவாலயங்கள், பள்ளி, ஹோட்டல், போதாக்குறைக்கு இரண்டு செய்தித்தாள்கள்! ரயிலை வரவழைக்க 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கும் ஓட்டுப் போட்டார்கள். என்ன பயன்? 1888-இல் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி ஊரை விட்டு விலகி, சாலமன் ஆற்றுக்குத் தெற்கே தண்டவாளம் போட்டது. வணிகர்கள் அங்கே முளைத்த போக் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தார்கள்.

டென்வரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது நிக்கோடீமஸுக்குப் போனேன். சுண்ணாம்புக்கல்லில் கட்டிய ஊர்மன்றம், சில வீடுகள், சுற்றிலும் வயல், அவ்வளவுதான். ஆனாலும் அங்கிருந்து பிரிந்துபோன குடும்பங்கள் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் அங்கே கூடுகின்றன. 1996-இல் அது தேசிய வரலாற்றுத் தலமாகவும் ஆனது. இப்படி ரயில் ஒதுக்கிவிட்ட ஊர்களைப் பற்றியும் அடுத்த ஞாயிறு மலர்களில் எழுதச் சொல்லுங்கள். வரைபடத்தோடு வந்தால் இன்னும் நல்லது.

- வாசகர், திருச்சி